அனுபவத்தைச் சான்றாக்குதல்: பண்புசார் ஆய்வின் பணியும் பொறுப்பும்

முன்னுரை

மக்கள் தம் வாழ்வைப் பற்றிச் சொல்வதைக் கேட்டும், அவர்கள் செய்வதை உடனிருந்து கண்டும் விளக்கம் காண முயலும் பண்புசார் ஆய்வு இன்று மருத்துவம், கல்வி, மேலாண்மை, தொழில்நுட்பம் எனப் பல துறைகளிலும் வழக்கிற்கு வந்துவிட்டது. ஆயினும் அதற்குக் கிடைத்திருப்பது துணை இடமே. புள்ளிவிவரம் கண்ட முடிவுக்கு மனிதக் குரலைச் சேர்க்கும் அணியாகவே அதைப் பலரும் கருதுகிறார்கள். ஆய்வேடுகள் பலவற்றில் பத்துப் பன்னிரண்டு நேர்காணல்கள், ஐந்து தலைப்புகள், ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு மேற்கோள்கள் என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது.

சொன்னவற்றைத் தலைப்பிட்டு அடுக்குவதால் அனுபவம் விளங்கிவிடாது. ஒரு நிறுவனம் மக்களை எந்த வகைப்பாட்டின் வழியாகப் பார்க்கிறதோ, அந்த வகைப்பாட்டையே சோதித்துத் திருத்துவதுதான் பண்புசார் ஆய்வின் தனிப்பணி என்பது இக்கட்டுரையின் வாதம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று துறைகளின் ஆய்வுகளைக் கொண்டு இவ்வாதம் நிறுவப்படுகிறது.

1. கொள்ளைநோய்: குலுவில் கண்டது

2000ஆம் ஆண்டு அக்டோபரில் வட உகாண்டாவின் குலு மாவட்டத்தில் எபோலா பரவுவது உறுதியானது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அது அடங்குவதற்குள் 425 பேர் நோயுற்றனர். அவர்களில் 224 பேர் இறந்தனர். ஆம்புலன்சைக் கண்டு மக்கள் ஓடினார்கள். வெள்ளையர்கள் பிணத்தின் உறுப்புகளை எடுத்து விற்கிறார்கள் என்ற பேச்சும் பரவியது. இதை அறியாமை என்று வகைப்படுத்துவது எளிது. அப்படி வகைப்படுத்திவிட்டால் அதற்கான மருந்தும் உடனே கிடைத்துவிடும்: விழிப்புணர்வுப் பிரசாரம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அழைப்பில் அங்கே சென்ற மானிடவியலாளர் பாரி ஹியூலெட், ரிச்சர்ட் அமோலாவுடன் இணைந்து அச்சோலி மக்களிடம் வேறு வகைக் கேள்விகளைக் கேட்டார். இந்த நோயை என்னவென்று நினைக்கிறீர்கள்? இப்படியொன்று முன்பு வந்ததுண்டா? வந்தபோது என்ன செய்தீர்கள்? கிடைத்த விடை, பிரசாரத்தின் அடிப்படையையே அசைத்தது. வழக்கமான வைத்தியம் எதுவும் பலிக்காமல் சாவு அடுத்தடுத்து விழத் தொடங்கியதும், மக்கள் இதைக் ‘கெமோ’ எனும் கொள்ளைநோய் வகையில் சேர்த்திருந்தார்கள். கெமோ வந்துவிட்டால் கடைப்பிடிப்பதற்கென்று பெரியவர்களிடம் ஒரு நெறிமுறையே இருந்தது. நோயாளியை மற்ற வீடுகளிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு வீட்டில் வைக்க வேண்டும். அந்நோய் கண்டு பிழைத்தவரே அவருக்கு உணவளித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியாள் அறியும்படி வாசலின் இருபுறமும் நீண்ட யானைப்புல் தண்டுகளை நட வேண்டும். ஊர்விட்டு ஊர் போவது கூடாது. நோய்க்குறி நீங்கிய பின்னும் ஒரு நிலாச் சுற்று முழுதும் விலகியிருக்க வேண்டும். இறந்தவரை ஊர் எல்லையில் புதைக்க வேண்டும். தொற்றுநோயியல் பாடநூல் இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடாது.

உறுப்புத் திருட்டு என்ற பேச்சுக்கும் காரணம் இருந்தது. மருத்துவமனையில் இறந்தவர்கள் உறைகளில் இடப்பட்டு, உறவினருக்குச் சொல்லியனுப்பக்கூட நேரமின்றி, விமான இறங்குதளத்தருகே புதைக்கப்பட்டார்கள். உடலைக் கண்ணால் காணாத குடும்பம் என்ன நினைக்கும்? ஆய்வு மக்களின் வழக்கம் அனைத்தையும் போற்றிவிடவும் இல்லை. இறந்தவரின் உடலைக் கழுவி ஆயத்தம் செய்யும் பொறுப்பு தந்தையின் சகோதரியான அத்தைக்கு உரியது. விடைபெறுகையில் உடலைத் தொடுவதும் மரபு. நோய் பரவியதில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்பதை அதே ஆய்வு பதிவுசெய்தது. உதவும் வழக்கம் எது, ஊறு செய்யும் வழக்கம் எது என்று பிரித்தறிய முடிந்ததே அதன் பயன். மேற்கு ஆப்பிரிக்கப் பெருந்தொற்றின்போது, 2014இல், பாதுகாப்பும் கண்ணியமும் ஒருங்கே அமைந்த அடக்கத்துக்கான நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. குடும்பத்தாரின் துயரத்துக்கு இடமளிப்பது நோய்த்தடுப்பின் ஒரு பகுதி என்பது அதற்குள் ஏற்கப்பட்டிருந்தது.

2. பணிமனை: கையேட்டுக்கு வெளியே உள்ள அறிவு

இரண்டாவது சான்று நோயோடு தொடர்பற்றது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுப்பு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர்களோடு திரிந்து, அவர்களது வேலையை ஆராய்ந்தவர் ஜூலியன் ஓர். அவரது நூல் 1996இல் வெளிவந்தது. இயந்திரம் காட்டும் பிழைக்குறியீட்டைப் பார்த்து, கையேட்டில் உரிய பக்கத்தைப் புரட்டி, அதில் சொன்னபடி செய்வதே பழுதுபார்த்தல் என்பது நிர்வாகத்தின் கருத்து. ஓர் கண்டதோ வேறு. கையேட்டுக்கு அடங்காத இயந்திரம் ஒன்றின் முன்னால், பணியாளரும் அனுபவமிக்க வல்லுநரும் தாங்கள் முன்பு கண்ட பழுதுகளைப் பற்றி மணிக்கணக்கில் கதை பரிமாறிக்கொள்கிறார்கள். கதைகள் ஒன்றோடொன்று பொருந்தப் பொருந்த, இயந்திரத்தின் கோளாறு பிடிபடுகிறது. காபிக்கும் சாப்பாட்டுக்கும் கூடும் வேளையில் நடக்கும் பேச்சும் இதே வேலையின் தொடர்ச்சிதான்.

நேரக் கணக்கெடுப்பு ஒன்று நடந்திருந்தால் இந்த உரையாடல் வீண்பொழுது என்ற கட்டத்தில்தான் விழுந்திருக்கும். கணக்கில் பிழை இருந்திருக்காது. வேலை எது, ஓய்வு எது என்ற வகைப்பாட்டில்தான் பிழை. பணியாளர் கண்ட குறிப்புகளைப் பணியாளரே பகிர்ந்துகொள்ளும் ‘யுரேகா’ என்னும் அமைப்பை அந்நிறுவனம் பின்னர் உருவாக்கியது.

3. பிரசவ அறை: முரண்பட்ட விருப்பங்கள்

மூன்றாவது சான்று தமிழகத்தைச் சேர்ந்தது. 1990களில் இங்கே களப்பணி செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், ஏழைப் பெண்களின் பிரசவ அனுபவத்தை ஆராய்ந்து 2003இல் நூலாக வெளியிட்டார். அரசு மருத்துவமனைகளில் வலி நிவாரணம் ஏதுமின்றி வலியைக் கூட்டும் ஊசி பரவலாகப் போடப்பட்டது. பெண்கள் இதன் பலியாடுகள் என்று எழுதிவிடலாம். ஆனால் பலர் அந்த ஊசியை விரும்பிக் கேட்டார்கள். வலியைப் பெண்ணின் சக்தியோடு இணைத்துப் பார்த்த அவர்களுக்கு, வலி கூடினால்தான் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும். அதற்காகக் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பது வீட்டுப் பழக்கம். ஊசி அந்த வரிசையில் வந்து சேர்ந்தது. அப்படியானால் அவர்கள் மனநிறைவோடு இருந்தார்கள் என்று முடிவுகட்டலாமா? அதுவும் முடியாது. ஊசியை வேண்டியவர்களே பிரசவ அறையின் ஏச்சுப்பேச்சையும், கையூட்டுக் கொடுக்க நேர்ந்ததையும், தம்மைக் கேளாமல் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதையும் கசப்போடு சொன்னார்கள்.

‘சேவையில் திருப்தியா?’ என்று கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வாங்கும் படிவத்தில் இந்த அனுபவத்துக்கு இடமில்லை. ஒரே பெண் ஒரே பிரசவத்தில் ஒன்றை வேண்டுகிறாள், மற்றொன்றை எதிர்க்கிறாள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுமே மறைந்துபோகும்.

4. எண்ணிக்கை குறித்த மறுப்பு

‘இத்தனை சிலரை வைத்து எதைப் பொதுமைப்படுத்த முடியும்?’ என்பது வழக்கமாக எழும் மறுப்பு. கேள்வி நியாயமானது. எத்தனை விழுக்காட்டினர் ஒன்றை நம்புகிறார்கள், ஒரு வழக்கம் எவ்வளவு பரவலானது என்பவற்றுக்குப் பண்புசார் ஆய்வு விடை தராது. தருவதாகச் சொல்பவர் தவறிழைக்கிறார். குலுவின் சாவுக் கணக்கை எண்ணித்தான் அறிய வேண்டும்.

ஆனால் யாரைக் காண்பது என்பதற்குப் பண்புசார் ஆய்விலும் கறாரான தருக்கம் உண்டு. பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து மருத்துவமனைகளில், சாவை எதிர்நோக்குபவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை ஆராய்ந்து 1965இல் வெளியிட்டார்கள். 1967இல் வந்த அவர்களது முறையியல் நூல், களங்களைத் தேர்ந்த விதத்தை விளக்குகிறது. நோயாளிக்கு ஏதும் தெரிய வாய்ப்பில்லாத குறைமாதக் குழந்தைகள் பிரிவு, நினைவிழந்தோர் மிகுந்த நரம்பு அறுவைப் பிரிவு ஆகியவற்றை முதலில் கண்டார்கள். பின்னர் சாவு விரைந்து வரும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதன்பின் மெல்ல வரும் புற்றுநோய்ப் பிரிவு. இறுதியில் எதிர்பாராமல் வரும் அவசர சிகிச்சைப் பிரிவு. ஒவ்வொரு களமும், முந்தைய களத்தில் உருவான கருத்தைச் சோதிப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய களம் புதிதாக எதையும் சேர்க்காதபோதுதான் தேடல் நிறைவுபெறும். எதிரே அகப்பட்ட பத்துப் பேரிடம் பேசிவிட்டு அதையே நிறைவுநிலை என்று எழுதுவதற்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

முடிவுரை

இம்மூன்று ஆய்வுகளிலும் களத்துக்குப் போகும்போது இருந்த வகைப்பாடு திரும்பி வரும்போது இல்லை. அறியாமை எனப்பட்டது வேறொரு நெறிமுறையாகவும், வீண்பேச்சு எனப்பட்டது பழுதறி கருவியாகவும், திருப்தி எனப்பட்டது விருப்பமும் எதிர்ப்பும் கலந்ததாகவும் தெரிந்தன. துறை மாறினாலும் இந்தப் பணி மாறவில்லை. எனவே ஒரு பண்புசார் ஆய்வேட்டை மதிப்பிடுவோர் நேர்காணல்களின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். எந்த முன்முடிவு இந்த ஆய்வால் திருத்தம் பெற்றது? தம் விளக்கத்துக்கு இணங்காதவரை ஆய்வாளர் தேடிச் சென்றாரா? மருத்துவர், ஆசிரியர், மேலாளர் என்ற அதிகாரத்தோடு எதிரே அமர்ந்து கேட்டபோது, அவ்வதிகாரம் விடையை எப்படி மாற்றியது?

இவற்றுக்கு விடையில்லாத ஆய்வு, தன் நேரத்தைத் தந்து, தன் துயரத்தையும் திறந்து சொன்னவருக்கு நியாயம் செய்யவில்லை. சொன்னவரின் பெயரை மறைத்துக் காப்பது அறத்தின் முதற்படி மட்டுமே. அவர் சொன்னது நம் கேள்வியையே மாற்ற இடம்கொடுப்பதில்தான் அந்த அறம் நிறைவுறுகிறது. அதற்கு ஆயத்தமில்லாத நிறுவனம் எத்தனை நேர்காணல்கள் நடத்தினாலும், தான் முன்பே அறிந்ததைத்தான் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்.