லூபஸ் நோயைக் கணக்கிட்ட வரலாறு

ஒரு நோய் எத்துணைப் பரவலானது, அது யாரைப் பெரிதும் பற்றுகின்றது என்னும் வினாக்களுக்குரிய விடை நோயின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. எண்ணுவோரிடம் உள்ள கருவியையும், எண்ணப்படும் மக்களையும் பொறுத்து அது மாறக்கூடும். லூபஸ் நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி உடலின் சொந்த இழையங்களையே தாக்குவதால் தோலும் மூட்டுகளும் சிறுநீரகமும் பழுதுறும் நோய் இது. இலத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் இச்சொல், முகத்தை அரிக்கும் புண்களுக்கு இடைக்காலத்திலேயே வழங்கலாயிற்று. 1851 இல் பாரிசு நகர மருத்துவர் கசனாவ் அதனோடு செந்நிறத்தைச் சுட்டும் அடைமொழியைச் சேர்த்து இந்நோயை வேறுபடுத்தினார். அவர் அதனை அரியதொரு தோல் நோயென்றும், இளையோரை, அவருள்ளும் பெண்களை, மிகுதியாகப் பற்றுவதென்றும் கொண்டார். 1872 இல் வியன்னாவின் கப்போசி, அது தோலோடு நில்லாது உடல் முழுவதையும் தாக்கவல்லதெனக் காட்டினார். எனினும் அது அரிய நோயென்னும் எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. கடுமையாக நோயுற்றோர் மட்டுமே இனங்காணப்பட்டமை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

1948 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஹாகிரேவ்சும் துணைவரும் இந்நோய்க்குரிய தனித்தன்மை வாய்ந்த கலமொன்றை என்புமச்சையிற் கண்டனர். 1957 அளவில் கலக்கருவைத் தாக்கும் பிறபொருளெதிரிகளைக் குருதியில் கண்டறியும் சோதனையும் வந்தது. மென்மையான நோயுடையோரும் இவற்றால் மருத்துவரின் பார்வைக்குட்பட்டனர். சான்பிரான்சிஸ்கோவில் நடத்தப்பட்டு 1974 இல் வெளிவந்த ஆய்வொன்று, 15 முதல் 64 வயது வரையான பெண்களில் 700 பேருக்கு ஒருவரும், கறுப்பினப் பெண்களில் 245 பேருக்கு ஒருவரும் நோயுற்றிருந்தமையைக் காட்டிற்று.

பிழைப்போர் கணக்கும் இவ்வாறே மாறிற்று. 1955 இல் வெளியான ஆய்வில், நான்கு ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் ஏறத்தாழ அரைப்பங்கினரே. இன்று வளமிக்க நாடுகளில் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு 90 இற்கு மேற்படுவர். சிகிச்சையின் வளர்ச்சி இதற்குப் பெருங் காரணமாயினும், மென்மையான நோயுடையோரும் எண்ணிக்கையிற் சேர்ந்தமையை மறத்தலாகாது.

அமெரிக்கப் பதிவேடுகளைத் தொகுத்து 2021 இல் வெளியான ஆய்வின்படி, 100,000 பேருக்கு ஆண்களில் ஏறத்தாழ 15 பேரும் பெண்களில் 129 பேரும் இந்நோயுடையவர். கறுப்பினப் பெண்களில் இவ்வெண் 231. அமெரிக்கப் பழங்குடிப் பெண்களிலோ 271. பழங்குடியினருக்கான சுகாதார சேவையின் பதிவேடும் தொகுப்பில் இடம்பெற்றமையாலேயே இவ்விறுதி எண் புலப்பட்டது.

பெண்களில் நோய் மிகுவதற்குப் பாலோமோன்களோடு எக்ஸ் நிறமூர்த்தமும் காரணமாகின்றது. மேலதிக எக்ஸ் நிறமூர்த்தத்துடன் பிறக்கும் ஆண்களில், ஏனைய ஆண்களிலும் பார்க்க, இந்நோய் பன்மடங்கு மிகுதியாகும். ஆயினும் பிறப்பியல்பு கொண்டு யாவற்றையும் விளக்கிவிட முடியாது. மேற்கு ஆபிரிக்காவில் லூபஸ் மிக அரிதென நெடுங்காலம் எழுதப்பட்டது. அங்கிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களிடையே, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும், அது மிகுதியாகக் காணப்பட்டது. சூழல் வேறுபாடு ஒருபுறமிருக்க, ஆய்வுகூட வசதியற்ற இடங்களில் நோயாளர் இனங்காணப்படாமலே இறத்தலும் இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுவர். ஆகவே, ஒரு நாட்டில் இந்நோய் அரிதெனக் கூறும் எண்ணைக் காணுமிடத்து, அங்கு அதனைத் தேடுதற்கு வசதி இருந்ததா என்று முதலில் வினவுதலே முறையாகும்.