இலங்கை 2022: ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு?



1751 டிசம்பரில் நமது ஆரணிக்கு அருகே ஒரு போர் நடந்தது. ஆற்காட்டு நவாபு பதவி யாருக்கு உரியது என்பதே அதன் வழக்கு. ஒருபுறம் சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்களும். மறுபுறம் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரால் ராபர்ட் கிளைவும் மராத்தியக் குதிரைப்படையும். கிளைவ் வென்றார். அடுத்த ஆண்டே சந்தா சாஹிப் தலையிழந்தார். பதவி கேட்ட இருவரும் முஸ்லிம்கள். இருவரையும் தாங்கிப் பிடித்தவர்கள் கடல்கடந்து வந்த வணிகக் கம்பெனிகள். ஆரணியில் தறியில் அமர்ந்திருந்தவரையும் ஏர் பிடித்தவரையும் உங்களை யார் ஆள வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே அக்காலத்தில் எவருக்கும் இருந்ததில்லை.

இன்று நாம் வாக்குச்சீட்டின் காலத்தில் வாழ்கிறோம். ஆயினும் பதவி காலியாகும்போது மக்களைக் கேட்டாக வேண்டுமா, அல்லது மக்கள் முன்னரே அனுப்பிவைத்த பிரதிநிதிகள் தமக்குள் முடிவு செய்துகொள்ளலாமா என்ற கேள்வி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. நமது மொழியையே வீட்டிலும் பள்ளிவாசலிலும் பேசுகிற முஸ்லிம்கள் வாழும் இலங்கையில், 2022 ஜூலையில் அந்தக் கேள்வி வீதிக்கு வந்தது. அதனை இங்கே சற்று விரிவாக நினைவுகூர விரும்புகிறோம். அங்குள்ள நம் சகோதரர்கள் அந்த வீதிக்கு வந்து சேர்ந்த வழி மிகவும் கசப்பானது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் உணவு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுஞ்செயலைச் செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அடுத்த மாதமே குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாட்டின் பாதுகாப்பே தம் முதல் வாக்குறுதி என்று கூறி நவம்பர் 16-இல் நடந்த தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ 52.25 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். முஸ்லிம்களும் தமிழர்களும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகள் சஜித் பிரேமதாசவுக்கே வாக்களித்திருந்தன. தேர்தல் முறையாகவே நடந்தது. அதன் எண்ணிக்கையை மறுத்தவர் இல்லை. எனினும் ஒரு நாட்டின் தலைவர், தம்மைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கும் தலைவராக இருக்கிறாரா என்பது வாக்கு எண்ணும் மண்டபத்தில் தெரிவதில்லை. அதன் பிறகுதான் தெரியவரும்.

மிக விரைவிலேயே தெரியவந்தது. கொரோனா நோயால் இறந்தோர் அனைவரின் உடலையும் எரித்தாக வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11-இல் வர்த்தமானி அறிவிப்பு வெளியானது. அடக்கம் செய்வதிலும் தவறில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று அரசின் குழுவினர் காரணம் சொன்னார்கள். நமக்கு ஜனாஸா என்பது என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, மண்ணில் வைப்பது இறந்தவருக்கு உயிரோடிருப்பவர் செலுத்த வேண்டிய கடமை. அந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமல் தாயையும் தந்தையையும் அரசின் தகனமேடைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அந்த நாட்டில் நூற்றுக்கணக்கானோர். இந்த ஆணையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 1-இல் விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து 20 நாள்களே ஆன ஒரு குழந்தையின் உடலும் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது.

அப்போதுதான் கொழும்பு பொரளையில் உள்ள கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிக் கீற்றுகளைக் கட்டத் தொடங்கினார்கள். முழக்கம் இல்லை, ஊர்வலம் இல்லை. கபன் துணியை நினைவூட்டும் ஒரு முழம் வெள்ளைத் துணி, அவ்வளவே. கட்டியவர்களில் சிங்களவர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இரவோடு இரவாகத் துணிகள் அகற்றப்பட்டன, மீண்டும் கட்டப்பட்டன. பாவும் ஊடையும் ஜரிகையும் பேச்சாகவே இருக்கும் நமதூரில், சாயமேறாத ஒரு துணி இத்தனை பேசும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து சென்றதை அடுத்து, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியிருந்த வேளையில், 2021 பிப்ரவரி இறுதியில் அந்த ஆணை திருத்தப்பட்டது. மார்ச் 5 முதல் கிழக்கே ஓட்டமாவடியில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் நல்லடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2022 வரை, நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வேற்று மதத்தவர் சிலரும் அதே நிலத்தில் உறங்குகிறார்கள்.

இந்த இடத்தில் நமக்குச் சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பெருக்கிய அரசியலமைப்பின் 20-ஆவது திருத்தம் 2020 அக்டோபர் 22-இல், ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த அதே நாள்களில், 156 வாக்குகளுடன் நிறைவேறியது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சியின் உறுப்பினர்களோ ஆதரித்து வாக்களித்தனர். அடக்கம் செய்யும் அனுமதியைப் பெறுவதற்காகவே ஆதரித்தோம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. அனுமதி வந்ததோ நான்கு மாதங்கள் கழித்து, வெளிநாட்டு நெருக்குதலால். வாக்கை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிரதிபலனுக்குக் காத்திருப்பது சிறுபான்மையினர் பல நாடுகளில் பழகிப்போன அரசியல். சந்தையில் சரக்கைக் காணாமல் பணத்தைக் கொடுக்காத நாம், வாக்கில் மட்டும் அவ்வாறு செய்கிறோம்.

பிறகு நடந்தவை யாவரும் அறிந்தவை. 2021-இல் இரசாயன உரத்தை ஒரே ஆணையில் தடை செய்தார்கள், விளைச்சல் வீழ்ந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் மைல் கணக்கில் வரிசைகள் நீண்டன. 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. தமிழக அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பொடியும் உயிர்காக்கும் மருந்துகளும் வழங்க முன்வந்தது. முதல் கப்பல் மே மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டது.

மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டருகே தொடங்கிய எதிர்ப்பு, ஏப்ரல் 9-இல் கொழும்பின் காலி முகத்திடலில் கூடாரங்களாக நிலைகொண்டது. ‘அரகலய’ என்று சிங்களத்தில் அழைக்கப்பட்டது அந்தப் போராட்டம். அது ரமலான் மாதம். மாலை வேளைகளில் முஸ்லிம் இளைஞர்கள் அங்கேயே நோன்பு திறந்தார்கள். பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் பகிர்ந்துகொள்ளப் பௌத்த பிக்குகளும் கத்தோலிக்க அருட்சகோதரிகளும் வந்து அமர்ந்தார்கள். ஓராண்டுக்கு முன் எந்தச் சமூகத்தின் மையித்தை அரசு எரித்ததோ, அதே சமூகம் தொழுவதற்கு இடம்விட்டு மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். இதைக் கண்டு இனப்பகை அழிந்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. நாம் அவ்வளவு தூரம் செல்ல மாட்டோம். பசி எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தது. வரிசை கலைந்த பின்னரும் அந்த உறவு நிற்குமா என்பது வேறு கேள்வி.

ஜூலை 9-இல் மக்கள் வெள்ளம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13-இல் கோட்டாபய மாலத்தீவுக்கும் மறுநாள் சிங்கப்பூருக்கும் சென்று, அங்கிருந்து பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். சர்ச்சைக்குரிய தேர்தல் இதன் பின்னர் வருவது.

ஜனாதிபதி பதவி இடையில் காலியானால், எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 40-ஆவது பிரிவு. 1993 மே மாதத்தில் ரணசிங்க பிரேமதாச படுகொலையானபோது டி.பி. விஜேதுங்க அவ்வாறு போட்டியின்றித் தெரிவானார். வாக்கெடுப்பு வரை சென்றது 2022-இல்தான் முதல் முறை. ஜூலை 20-இல் 225 உறுப்பினர்களில் 223 பேர் இரகசியமாக வாக்களித்தனர். 4 வாக்குகள் செல்லாதவை. ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3.

வென்றவர் யார்? 2020 பொதுத் தேர்தலில் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றவர். அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்த வாக்கு சுமார் 2 விழுக்காடு; அதற்குரிய ஒரேயொரு தேசியப் பட்டியல் இடத்தின் வழியாகவே அவர் 2021-இல் சபைக்குள் வந்தார். அவருக்கு வாக்களித்தோரில் பெரும்பாலோர் விரட்டப்பட்ட ராஜபக்ஷவின் கட்சியினர். ஆகவே, நாங்கள் வெளியேற்றியவர்களே எங்களுக்கு வேறொருவரை நியமிப்பதா என்று திடலில் இருந்தோர் கேட்டார்கள். சட்டம் சொன்னபடியே நடந்திருக்கிறது என்று மறுதரப்பு சொன்னது. நமது பார்வையில் இருவரும் சொன்னது உண்மையே. தேர்வு சட்டப்படி செல்லும். மக்களின் ஒப்புதல் அதற்கு இல்லை.

இந்த வேறுபாடு நமது மரபுக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது ஸகீஃபாவில் கூடிய சிலர் அபூபக்ர் (ரலி) அவர்களுக்குப் பைஅத் செய்தார்கள். அத்துடன் நின்றுவிடவில்லை. மறுநாள் மஸ்ஜிதுந் நபவியில் பொதுமக்களின் பைஅத் நடந்தது. அதன் பின்னரே அவர்கள் எழுந்து, நேர்வழியில் நடந்தால் தமக்குத் துணைநிற்குமாறும் தவறினால் தம்மைத் திருத்துமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த உத்தமர்களின் சபையை இக்காலப் பாராளுமன்றத்தோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. சிலர் தேர்ந்தெடுத்தாலும், பலரின் சம்மதமும் திருத்துகிற உரிமையும் அதனோடு சேர்ந்தே வர வேண்டும் என்ற முறை அங்கே இருக்கிறது. கொழும்பில் முதல் பகுதி நடந்தது. இரண்டாம் பகுதி நடக்கவில்லை.

அதற்கு மாறானது நடந்தது. 21-இல் ரணில் பதவியேற்றார். 22-ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் இராணுவமும் காவல்துறையும் காலி முகத்திடலில் நுழைந்தன. அன்று பிற்பகல் இடத்தைக் காலிசெய்வதாகப் போராட்டக்காரர்கள் முன்னரே அறிவித்திருந்தார்கள். சில மணி நேரம் பொறுத்திருந்தால் ஒருவருக்கும் காயம் இன்றி முடிந்திருக்கும். அடிபட்டவர்களில் செய்தியாளர்களும் இருந்தனர். தேர்வுக்கு மூன்று நாள்களுக்கு முன், பதில் ஜனாதிபதியாக இருந்தபோது அவர் பிறப்பித்த அவசரநிலைப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது.

ஆயினும் வரலாறு ஒரே நிறத்தில் இல்லை. அதே ரணிலின் அமைச்சரவைதான் 2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம் சமூகத்திடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. பொருளாதாரத்தையும் அவர் ஓரளவு நிமிர்த்தினார். தேர்தல் நெருங்கிய வேளையில் வந்த மன்னிப்பு என்று குறை கூறுவோர் உண்டு, இருக்கலாம். பெற்றோரை எரித்த சாம்பலோடு நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு அரசின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் சிறியதன்று. குற்றம் செய்தவர் எவர் என்பதற்கு மட்டும் இன்னும் விடையில்லை.

இரண்டாம் பகுதி 2024 செப்டம்பர் 21-இல் நடந்தது. பாராளுமன்றத்தில் 3 வாக்குகள் பெற்ற அநுர குமார திசாநாயக்க, நாட்டு மக்களிடம் 56,34,915 வாக்குகள் பெற்று முதலிடம் வந்தார், 42.31 விழுக்காடு. பாதியைத் தாண்டாததால், இலங்கை வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ண வேண்டியதாயிற்று. சஜித் இரண்டாமிடம். 134 வாக்குகளில் வென்ற ரணிலுக்குக் கிடைத்தது 17.27 விழுக்காடும் மூன்றாம் இடமும். அவர் முடிவை ஏற்றுப் பதவியை ஒப்படைத்தார். ஒரு கல்லும் எறியப்படவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் அமைந்த புதிய அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. துணைச் சபாநாயகராக ரிஸ்வி சாலி தெரிவானார். பிரதியமைச்சர் பொறுப்பும் முஸ்லிம் ஒருவருக்குத் தரப்பட்டது. இனம் பார்த்து இடம் ஒதுக்கவில்லை, திறமை பார்த்தோம் என்று அரசு சொன்னது. 20 இலட்சத்துக்கும் அதிகமான ஒரு சமூகத்தில் திறமையுடையவர் ஒருவரும் கிடைக்கவில்லையா என்று அங்குள்ள முஸ்லிம்கள் பத்திரிகைகளில் பெயரிட்டுக் கேட்டார்கள். இம்முறை அந்தக் கேள்விக்கு ஈடாக எவரும் முன்கூட்டியே வாக்கைக் கொடுத்துவிடவில்லை.