நெடுஞ்சாலைக்கு ஏற்ற மின்சார இருசக்கர வாகனங்கள்: கவனிக்க வேண்டியவை

புதுதில்லி: மின்சார ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் விளம்பரங்களில் இரண்டு எண்கள் பெரிதாக இடம்பெறுகின்றன. ஒன்று அதிகபட்ச வேகம். மற்றொன்று ஒருமுறை சார்ஜ் செய்தால் செல்லக்கூடிய தொலைவு. நெடுஞ்சாலையில் செல்ல விரும்புவோரைப் பெரும்பாலும் ஏமாற்றுவது இரண்டாவது எண்தான்.

சான்றளிக்கப்பட்ட தொலைவு எனக் குறிப்பிடப்படுவது, ஐடிசி எனப்படும் இந்திய ஓட்டச் சுழற்சி முறையில் ஆய்வகத்தில் அளக்கப்படுகிறது. இச்சோதனையில் வாகனத்தின் உச்ச வேகம் மணிக்கு 42 கி.மீ.; சராசரி வேகம் சுமார் 22 கி.மீ. மட்டுமே. நகர நெரிசலுக்கு இது பொருந்தும். ஆனால், வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குத் திரும்பும் மின்சாரமும் நெடுஞ்சாலையில் மிகக் குறைவு. பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் கூடுதல் மைலேஜ் தருவதைப் பார்த்துப் பழகியோருக்கு இது நேர்மாறான அனுபவம்.

ஏத்தர் நிறுவனம் 2022-இல் அறிமுகப்படுத்திய 450எக்ஸ் ஸ்கூட்டருக்குச் சான்றளிக்கப்பட்ட தொலைவு 146 கி.மீ. சாலையில் உண்மையாகக் கிடைக்கக்கூடியது 105 கி.மீ. என அந்நிறுவனமே வெளிப்படையாகக் குறிப்பிட்டது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் அதுவும் குறையும். எனவே, சான்றிதழில் உள்ள தொலைவில் ஏறத்தாழ பாதியை மட்டுமே நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவது பாதுகாப்பானது.

இந்தக் கணக்கின்படி, 10.3 கிலோவாட் மணி பேட்டரியும் 323 கி.மீ. சான்றளிக்கப்பட்ட தொலைவும் கொண்ட அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2 ரீகான் மோட்டார் சைக்கிள், தில்லியிலிருந்து சுமார் 270 கி.மீ. தொலைவில் உள்ள ஜெய்ப்பூரை அடைய வழியில் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டியிருக்கும். ஓலா எஸ்1 ப்ரோ இரண்டாம் தலைமுறை ஸ்கூட்டருக்கு (4 கிலோவாட் மணி, 195 கி.மீ.) இருமுறை தேவைப்படும்.

வேகத்தைப் பொருத்தவரை, மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கான உச்சவரம்பு மணிக்கு 80 கி.மீ. ஆகவே எஃப்77-இன் 155 கி.மீ. வேகமோ, எஸ்1 ப்ரோவின் 120 கி.மீ. வேகமோ சட்டப்படி பயன்படுத்தக்கூடியதல்ல. எனினும் லாரியை முந்தும்போது கைகொடுக்கும் இருப்பாக அதைக் கருதலாம். உச்ச வேகம் 78 கி.மீ. கொண்ட டிவிஎஸ் ஐக்யூப் (3.4 கிலோவாட் மணி), அதிகபட்சம் 73 கி.மீ. வரை கொண்ட பஜாஜ் சேத்தக் 35 வரிசை ஆகியவற்றில் அந்த இருப்பு இல்லை. அவை நல்ல நகர வாகனங்கள், அவ்வளவே.

எல்லா நெடுஞ்சாலைகளிலும் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மும்பை-புணே விரைவுச் சாலையில் அவற்றுக்குத் தடை உள்ளது. பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை அமலுக்கு வந்தது; அணுகுசாலையில் செல்லலாம். ஏத்தர், ஓலா, அல்ட்ராவயலெட் ஆகிய மூன்றுக்கும் பெங்களூருதான் தலைமையிடம்.

விரைவு சார்ஜ் வசதியிலும் சிக்கல் உள்ளது. ஏத்தர் உருவாக்கிய இணைப்பு முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் அங்கீகரித்தது. ஹீரோவின் விடா ஸ்கூட்டரும் அதையே பயன்படுத்துகிறது. ஆனால், எல்லா நிறுவனங்களும் ஒரே இணைப்பைப் பின்பற்றுவதில்லை. வழியில் சார்ஜ் நிலையம் இருக்கிறதா என்பதுடன், அதன் இணைப்பு தம் வண்டிக்குப் பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால், சாலையோர உணவகத்தின் சாதாரண மின்இணைப்பில் பல மணி நேரம் காத்திருக்க நேரிடும்.