மழையும் மலை சைக்கிள் பிரேக்கும்

மழையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பிரேக்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வண்டி கொஞ்ச தூரம் வழுக்கிப் போய்த்தான் நிற்கும். தெருவில் பரவாயில்லை. மலைச்சரிவில்?

மலை சைக்கிளின் ஆரம்ப நாட்களில் பெரிய தொல்லை ஈரம் அல்ல, சூடு. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சுமார் 3.4 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறங்கும் ஒரு மண் பாதை உண்டு. 1976 அக்டோபரில் சார்லி கெல்லியும் நண்பர்களும் அங்கே பந்தயம் தொடங்கினார்கள். பழைய கனத்த சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினாலே உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி மறுபடி அடைப்பதால்தான் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது!

1977-ல் ஜோ பிரீஸ் உருவாக்கிய சைக்கிளில் ரிம்மைப் பிடிக்கும் கான்டிலீவர் பிரேக் வந்தது. சூட்டுத் தொல்லை குறைந்தது. ஆனால் ரிம் தரைக்குப் பக்கத்தில் சுற்றுகிறதே! ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரையும் சேற்றையும் அள்ளி வரும். பிரேக் கட்டை முதலில் அதைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். சேற்றில் உள்ள மணல் அலுமினிய ரிம்மையே அரம் போல அறுத்துவிடும்.

1980களின் நடுவில் பின் பிரேக்கைப் பெடலுக்குப் பின்னால், கீழ்க்குழாய்களின் அடியில் மாட்டிப் பார்த்தார்கள். சேறு சரியாக வந்து சேரும் இடம் அது. யோசனை சில வருடங்களில் மறைந்தது. 1996-ல் ஷிமானோவின் வி-பிரேக் வந்தது. நீண்ட கைகள், நல்ல பிடி. ஆனாலும் நனைந்த ரிம் நனைந்த ரிம்தான்.

உருப்படியான பதில்களில் ஒன்று மழை அதிகம் பெய்யும் வட இங்கிலாந்தில் கிடைத்தது. பார்னால்ட்ஸ்விக் ஊரில் ரோல்ஸ் ராய்ஸில் கருவி செய்பவர்களாக வேலை பார்த்தவர்கள் இயன் வெதரில், சைமன் ஷார்ப். மோட்டார் சைக்கிள் பழக்கம் உள்ளவர்களுக்கு மலை சைக்கிளின் பிரேக் போதவில்லை. சக்கரத்தின் நடுவில், சேற்றுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தகட்டை வைத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கைச் செய்தார்கள். அவர்கள் நிறுவனம்தான் 'ஹோப்'. சைக்கிளுக்கு டிஸ்க் புதிதல்ல, 1970களிலேயே ஃபில் வுட் அமெரிக்காவில் விற்றிருக்கிறார். மலைப்பாதையில்தான் அதன் அருமை தெரிந்தது.

இருந்தும் உடனே பரவவில்லை. காரணம் காசு. டிஸ்க் வேண்டுமென்றால் பிரேக்கை மட்டும் மாற்றினால் போதாது; ஹப், ஃபோர்க், ஃபிரேம் எல்லாம் அதற்கேற்ப இருக்க வேண்டும். வி-பிரேக்கோ பழைய சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளலாம். விலை இறங்க இறங்க, 2000களில்தான் டிஸ்க் சாதாரண மலை சைக்கிளுக்கும் வந்தது.

டிஸ்க்கும் நனைந்தால் கத்தும். மணல் கலந்த சேற்றில் ரெசின் கட்டை சீக்கிரம் தேயும். உலோகத்தூளை அழுத்திச் செய்த கட்டை கூடுதல் நாள் தாங்கும், சத்தம்தான் கொஞ்சம் அதிகம். எப்படியும் தேய்வது கழற்றி மாற்றக்கூடிய கட்டையும் தகடும், ரிம் பிழைத்துக்கொள்கிறது.