டஜன் நண்பர்களுக்காக

கீபோர்டின் இடது ஓரத்தில் 'டேப்' என்று ஒரு பட்டன் இருக்கிறதல்லவா? தட்டினால் கர்சர் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். ஸ்பேஸ் பாரை நாலைந்து முறை தட்டினாலும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். நம் கண்ணுக்கு இரண்டும் வெற்றிடம். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து. வில்லங்கம் அங்கேதான்.

1976. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். ஸ்டீவ் ஜான்சன் என்பவர் கொதித்துப்போய் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அறைக்கு வந்தார். புரோகிராமில் இருந்த தப்பைத் திருத்தியாகிவிட்டது. ஆனால், திருத்திய ஃபைலை கம்பைல் செய்யவில்லை. பழசே ஓடிக்கொண்டிருக்க, இல்லாத தப்பைத் தேடித்தேடி ஒரு காலைப்பொழுது பாழ். (பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாமல் ராத்திரி தூக்கம் தொலைத்த பி.காம். ஆசாமி நான். வலி புரிகிறது.)

மாறிய ஃபைல்களை மட்டும் பார்த்து கம்பைல் செய்யவைக்கும் 'மேக்' என்ற கருவியை ஃபெல்ட்மன் எழுதியது அதனால்தான். அதில் ஒரு விதி: கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப்பில்தான் தொடங்கவேண்டும். பெரிய யோசனையெல்லாம் இல்லை. அப்போதைக்கு அதுதான் சுலபமாக வேலை செய்தது.

சில வாரங்களில் ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலும் நண்பர்கள். விதியை மாற்றினால் அவர்கள் எழுதி வைத்ததெல்லாம் படுத்துவிடும். பாவம், எதற்கு வம்பு? விட்டுவிட்டார்.

யூனிக்ஸ் போன ஊருக்கெல்லாம் மேக்கும் போனது, அந்த டேப்போடு. ஸ்பேஸில் தொடங்கினால், 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று திட்டும். ஸ்கிரீனிலோ எல்லாம் சமர்த்தாக வரிசையில் நிற்கும்!

2003-ல் ஃபெல்ட்மனுக்கு மேக்குக்காக ஏ.சி.எம். விருது கிடைத்தது. 2010-ல் குனு மேக், டேப்புக்குப் பதில் வேறு எழுத்து வைத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டது. நீங்களாகக் கேட்டு மாற்றாதவரை, இன்றும் டேப்தான்.