பூட்டும் திறப்பும் உறுதியும்

வீடொன்றை விலைக்கு வாங்கியவர் அதன் பூட்டுகளை மாற்ற வேண்டுமா? ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இக்கேள்வி எழுந்தால் விடை ஒரே வரியில் முடிந்துவிடும். முன்னைய உரிமையாளர் எத்தனை திறப்புகளைச் செய்வித்தார், அவற்றை யார் யாரிடம் கொடுத்து வைத்தார் என்பதை வாங்கியவர் அறிய வழியில்லை. ஆகவே மாற்றத்தான் வேண்டும். தொழில் தெரிந்த ஒருவருக்குச் சில மணி நேர வேலை அது. ஆனால் இதே கேள்வியை யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ வீடு வாங்கிய ஒருவர் கேட்டால், பூட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகர முடியாது. அங்கே ஒரு கதவின் பின்னால் சட்டத்தின் வரலாறும் ஒரு தலைமுறையின் இடப்பெயர்வும் நிற்கின்றன.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் 'சாவி' என்கின்றனர். அது போர்த்துக்கீசரின் 'சாவே' என்ற சொல்லிலிருந்து வந்தது. சன்னலும் அலுமாரியும் வந்த அதே கப்பலில் வந்திறங்கிய சொல் என்று சொல்லலாம். போர்த்துக்கீசர் நேரடியாக ஆண்ட யாழ்ப்பாணத்திலோ நாம் 'திறப்பு' என்கிறோம். ஆண்டவனின் சொல் ஆளப்படாத பக்கத்திலும், நாட்டுச் சொல் ஆளப்பட்ட பக்கத்திலும் நிலைத்தது வியப்புக்குரியது. பழைய இலக்கியத்தில் தாழும் உண்டு, தாழிட்ட கதவும் உண்டு. நெடுநல்வாடை அரண்மனை வாயிற் கதவின் அமைப்பை விரித்துரைக்கிறது. திருக்குறளிலும் தாழ் வருகிறது. ஆனால் தாழ் என்பது உள்ளிருப்பவரைக் காப்பது. வீட்டை விட்டுப் போகிறவருக்குத் தேவைப்படுவது பூட்டும் திறப்பும். வெளியே போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையின் கருவி அது.

அந்தக் கருவி எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்விக்கு ஐரோப்பா நீண்ட காலம் விடை தேடியது. பண்டை எகிப்தின் மரப்பூட்டில், மேலிருந்து விழும் சிறு முளைகள் தாழைப் பிடித்துக்கொள்ளும். பற்களுள்ள மரத்திறப்பு அவற்றைத் தூக்கினால் தாழ் நகரும். இந்த நல்ல எண்ணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டுக் கிடந்தது. அங்கே பரவியிருந்த பூட்டுகள் திறப்பின் வழியில் சில தடைத் தகடுகளை மட்டுமே வைத்தவை. அத்தடைகளைத் தாண்டும்படி அராவப்பட்ட ஒரே திறப்பு பல வீடுகளைத் திறக்கும்.

1784ஆம் ஆண்டில் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் புதியதொரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதைத் திறப்பின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்புடன், அவ்வகைப் பூட்டொன்று அவரது நிறுவனத்தின் இலண்டன் கடைச் சாளரத்தில் பல்லாண்டுகள் தொங்கியது. 1817இல் போர்ட்ஸ்மவுத் கப்பற்றளத்தில் போலித் திறப்புகளால் களவு நடந்தபின், அடுத்த ஆண்டில் ஜெரமையா சப் இன்னொரு பூட்டைச் செய்தார். வேறு திறப்பை நுழைத்து யாராவது முயன்றிருந்தால், அப்பூட்டு இறுகிக்கொண்டு, உரியவர் வரும்போது அச்செய்தியை அவருக்குக் காட்டிக்கொடுக்கும். 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் அல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் இரண்டையும் திறந்து காட்டினார். சப்பின் பூட்டுக்கு ஏறத்தாழ 25 நிமிடங்கள் போதுமாயிருந்தன. பிராமாவின் பூட்டுக்குப் பதினாறு நாள்களில் பரவிய 51 மணி நேரம் வேண்டியிருந்தது. ஆங்கிலேயரின் பெருமிதம் சிறிது குலைந்தது.

ஹொப்ஸ் அன்று விற்க வந்த அமெரிக்கப் பூட்டில் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு சிறப்பு இருந்தது. அதன் திறப்பின் பற்களைக் கழற்றி வரிசை மாற்றிப் பொருத்தலாம். பூட்டும் அப்புதிய வரிசைக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். வங்கியின் காசாளர் விலகிச் சென்றால், பூட்டை எறியாமலே அவர் கையிலிருந்த திறப்பைப் பயனற்றதாக்கலாம். பின்னர் 1861இலும் 1865இலும் லைனஸ் யேல் என்ற இளையவர் காப்புரிமை பெற்ற உருளைப்பூட்டு, எகிப்திய முளைகளின் எண்ணத்தை உலோகத்தில் மீட்டெடுத்தது. இன்று உலகெங்கும் வீட்டுக் கதவுகளில் இருப்பவற்றுட் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள். அதன் முளைகளை மட்டும் மாற்றி, புதிய திறப்பைச் செய்துகொள்ள முடியும். ஆகவே வீடு வாங்கியவர் பழைய நல்ல பூட்டைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது இரும்பையன்று. யார் உள்ளே வரலாம் என்ற ஏற்பாட்டை.

அந்த ஏற்பாட்டை மாற்ற யாருக்கு உரிமை உண்டு என்பது சட்டத்தின் கேள்வி. உரோமரிடையே திறப்பு வெறும் கருவியன்று. மணவிலக்கின்போது மனைவியிடமிருந்து திறப்புகளைத் திரும்ப வாங்குவது பழைய வழக்கம். பண்டகசாலையின் பொருளை விற்றவர் அப்பண்டகசாலையின் அருகில் வைத்துத் திறப்பைக் கையளித்தால், உள்ளே இருந்த பொருள் வாங்கியவரின் கைக்கு மாறிவிட்டதாக உரோமச் சட்ட அறிஞர் பாப்பினியன் கருதினார். இக்கருத்து யஸ்தீனியன் பேரரசனின் தொகுப்பில் இடம்பெற்று, ஒல்லாந்தரின் சட்டத்துள் புகுந்து, அவர்கள் வழியாக இலங்கைக்கு வந்தது. நம் நாட்டின் பொதுச் சட்டம் இன்றும் உரோம ஒல்லாந்தச் சட்டமே.

ஆனால் நிலத்தையும் வீட்டையும் பொறுத்தவரை பிரித்தானியர் வேறொரு வேலி போட்டனர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் சாட்சிகள் இருவரும் முன்னிற்க எழுதிக் கையொப்பமிடாத காணி விற்பனை செல்லாது. திறப்புக் கோர்வை முழுவதையும் கையில் வைத்திருப்பவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உறுதியை வைத்திருப்பவர் திறப்பில்லாமலும் உரிமையாளரே. இவ்வாறு திறப்பும் உறுதியும் சட்டத்தின் கண்ணில் பிரிந்தன. ஆயினும் வாழ்க்கையில் அவை ஒன்றாகவே இருந்தன.

யாழ்ப்பாணத்தில் அவை ஒன்றாக இருந்ததற்கு ஒரு காரணம் தேசவழமை. 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த இவ்வழமையில் சீதனம் நடுநாயகமானது. வீடு பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். மகள் பிறந்து வளர்ந்த வீட்டுக்கே மருமகன் வந்து சேருவார். நாற்சார் வீட்டின் திறப்புக் கோர்வை தாயின் இடுப்பிலிருந்து மகளின் இடுப்புக்கு மாறும். அங்கே பூட்டை மாற்றும் எண்ணம் யாருக்கு வரும்? காணி வெளியாருக்கு விற்கப்படும் நிலை வந்தாலும், பங்காளிகளுக்கும் உரித்தாளிகளாகக்கூடிய உறவினருக்கும் முதலில் அறிவித்து அவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பது வழமை. அறிமுகமற்ற ஒருவரிடமிருந்து வீடு வாங்குவதே அரிதாயிருந்த சமூகத்தில், பழைய திறப்பு யாரிடம் இருக்கிறது என்ற அச்சமும் அரிதாகவே இருந்தது.

அந்த உலகம் என் கண்முன்னே உடைந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சுமார் இரண்டு மணி நேர அவகாசத்தில் நகரை விட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். அம்மாதத்தில் வட மாகாணத்தின் ஏனைய மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. சோனகத் தெருவின் கதவுகளை அவர்கள் பூட்டினார்களா இல்லையா என்பது பின்னர் பொருளற்றுப் போயிற்று. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். இளம் செய்தியாளனாக அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். மழையில் நனைந்த அக்கூட்டத்தில் பலர் இடுப்பிலும் கழுத்திலும் வீட்டுத் திறப்பு தொங்கியது. தங்கத்தை மறந்தவர்கள் இருந்தார்கள். திறப்பை மறந்தவர்கள் குறைவு. நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்றே அனைவரும் பேசிக்கொண்டோம்.

1996இல் திரும்பியவர்கள் பலர் கண்டது கதவில்லாத வீடுகளை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டவர்களோ கால் நூற்றாண்டு வரையிலும் அதற்கு மேலும் காத்திருந்தனர். 2015இற்குப் பின் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, கூரையும் நிலைகளும் போய், சுவர்களை ஆலும் அரசும் பிளந்திருந்த வீடுகளின் முன் திறப்போடு வந்து நின்ற முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். திறப்பதற்கு ஒன்றுமில்லை, ஆயினும் அத்திறப்பை அவர்கள் எறியவில்லை. 1948இல் வீடிழந்த பாலஸ்தீனர் தங்கள் திறப்புகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையளிப்பதன் பொருள் எனக்கு அங்கேதான் முழுமையாக விளங்கிற்று.

இடம்பெயர்ந்தவர்களின் வீடுகள் எல்லாம் பாழடைந்து கிடக்கவில்லை. பலவற்றில் மற்றவர்கள் குடியேறினர். சிலர் உரிமையாளரின் சம்மதத்துடன், பராமரிப்பவர்களாக. சிலர் தாமும் இடம்பெயர்ந்து வேறு போக்கிடமின்றி. சிலர் வாய்ப்பைப் பயன்படுத்தி. இங்கேதான் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் குறுக்கே வருகிறது. உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையறாது ஒரு காணியை ஆண்டவர், அதைத் தமதென நிலைநாட்ட அச்சட்டம் இடமளிக்கிறது. சம்மதத்துடன் உள்ளே வந்தவர், அந்த நிலையை உதறிவிட்டதை வெளிப்படையான செயலால் காட்டும்வரை இவ்வாறு உரிமை கோர முடியாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் முடித்த நகுதா மரிக்கார் வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட நெறி. ஆகவேதான் பாரிசில் இருக்கும் ஒருவருக்கு, ஊரில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பூட்டை மாற்றிவிட்டார் என்ற செய்தி இடியாக விழுகிறது. பழைய திறப்பு பொருந்தாத அன்று, பழைய உறவும் பொருந்தாமற் போகிறது.

போரால் வீட்டுக்குச் செல்லவோ வழக்கிடவோ முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தப் பத்து ஆண்டுக் கணக்கு ஓடியது அநீதி என்பதை நாடாளுமன்றம் காலந்தாழ்த்தியே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அத்தகையோருக்கு எதிரான கணக்கிலிருந்து விலக்கியது. அச்சட்டம் வருமுன்னரே தங்கள் வீடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு.

இனி, வாங்குபவரிடம் வருவோம். வடக்கில் வீடு வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது பூட்டைப் பற்றியன்று, திறப்பைப் பற்றியே. இவ்வீட்டின் திறப்பு இன்னும் யாரிடம் இருக்கிறது? அவர் விற்றாரா? அவர் பெயரில் விற்றவரின் அற்றோர்னித் தத்துவம் உண்மையானதா? உள்ளே இருப்பவர் யார், எந்த உரித்தில் இருக்கிறார்? வாடகைக்கு இருப்பவரை விற்பனை வெளியேற்றாது. குத்தகை விற்பனைக்கு முந்தியது என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற நெறி. உறுதி கையில் இருக்கிறது என்ற துணிவில் ஒருவரை வெளியே தள்ளிப் பூட்டை மாற்றினால், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். வழக்கு மன்றுக்கு வருவதற்கு முந்திய இரண்டு மாதங்களுள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை, உரித்து யாருடையது என்று ஆராயாமலே, மீண்டும் உள்ளே விடுமாறு நீதவான் கட்டளையிடலாம்.

இக்கேள்விகளுக்கு நேர்மையான விடை கிடைத்து, உறுதி முடிந்து, வீடு வெறுமையாகக் கையளிக்கப்பட்டால், அன்றைக்கே பூட்டை மாற்றுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். விற்றவர் மீது ஐயமென்றும் ஆகாது. படலையின் ஆமைப்பூட்டு முதல் பின்கதவு வரை மாற்றுங்கள். விற்றவர் விரும்பினால் பழைய திறப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். அது இனி எதையும் திறவாது. ஆனால் அவர் தாய் இடுப்பில் செருகியிருந்த திறப்பாக அது இருக்கலாம்.

விடை கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள். விற்காதவர் ஒருவரின் கையில் திறப்பு இருக்கும்வரை, எவ்வளவு விலையுயர்ந்த பூட்டைப் போட்டாலும் அந்த வீடு உங்களுடையதாகாது. ஹொப்ஸ் திறந்து காட்டிய பூட்டுகளைச் செய்தவர்கள் களவுக்கு எதிராகவே உழைத்தார்கள். களவாக வாங்கியவரைக் காக்கும் பூட்டு எதையும் அவர்கள் செய்யவில்லை.