செம்பூஞ்சை அரிசியும் ஸ்டாட்டினும்

கொலஸ்டிராலைக் குறைக்க மருத்துவர் ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தால் தயங்குகிறவர்களில் சிலர், 'இயற்கையானது' என்று விற்கப்படும் செம்பூஞ்சை அரிசி மாத்திரையைத் தயக்கமின்றி வாங்குகின்றனர். ஒன்று ரசாயனம், மற்றது உணவு என்பது அவர்கள் கணக்கு. இரண்டின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கணக்கு நிற்பதில்லை.

வேகவைத்த அரிசியில் மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சையை வளர்த்தால் அரிசி குங்குமச் சிவப்பாகும். உணவுக்கு நிறமேற்றவும் மது வடிக்கவும் சீனர்கள் அதைப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். 1596-இல் அச்சான லி ஷிஷெனின் பெரும் மருந்து நூலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஜப்பானியர் அதை 'பெனி-கோஜி' என்பர்.

ஸ்டாட்டினின் கதை ஜப்பானில்தான் தொடங்குகிறது. அகிரா எண்டோ 1933-இல் வட ஜப்பானின் அகிதாவில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஈக்களைக் கொல்லும், ஆனால் மனிதரைக் கொல்லாத காளான் ஒன்று அவரது இளம்பருவ வியப்புகளில் ஒன்று. 1957-இல் சான்கியோ மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1966 முதல் 1968 வரை நியூயார்க்கில் ஆய்வு செய்தார். மாரடைப்பு அங்கே எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை நேரில் கண்டார்.

நாடு திரும்பியவரின் ஊகம் எளிமையானது, அழகானதும்கூட. பூஞ்சைகளால் ஓட முடியாது. எதிரி நுண்ணுயிர்களை வேதிப்பொருட்களைக் கொண்டே எதிர்க்க வேண்டும். எதிரியின் உயிரணுவுக்குக் கொலஸ்டிரால் போன்ற பொருள் தேவையென்றால், அதன் உற்பத்தியைத் தடுக்கும் ஆயுதம் ஏதேனும் ஒரு பூஞ்சையிடம் இருந்தாக வேண்டும். 1971-இல் தேடல் தொடங்கியது. ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தனர். முதலில் அகப்பட்டது சிட்ரினின். அது கொலஸ்டிராலைக் குறைத்தது, சிறுநீரகத்தையும் கெடுத்தது. ஆகவே கைவிட்டனர். இந்தச் சிட்ரினின் பின்னால் மீண்டும் வரும்.

கியோட்டோவின் தானியக் கடையொன்றில் எடுத்த அரிசியில் வளர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து 1973-இல் காம்பாக்டின் கிடைத்தது. கல்லீரல் கொலஸ்டிராலை உண்டாக்கும் வழியில் முக்கியமான ஒரு நொதியை அது தடுத்தது. ஆனால் எலிகளின் இரத்தத்தில் கொலஸ்டிரால் குறையவில்லை. ஆய்வு அத்தோடு முடிந்திருக்கும், காப்பாற்றியவை கோழிகள். முட்டையிடும் கோழிகளுக்குக் காம்பாக்டினைக் கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்டிரால் பாதியளவு வரை இறங்கியது. இருந்தும் நாய்களுக்கு மிக உயர்ந்த அளவில் கொடுத்த சோதனையில் புற்றுநோய் ஐயம் எழ, 1980-இல் சான்கியோ காம்பாக்டினை நிறுத்திவிட்டது.

எண்டோ அதற்கு முன்பே நிறுவனத்தை விட்டுப் பல்கலைக்கழகப் பணிக்குச் சென்றிருந்தார். அங்கே 1979-இல், செம்பூஞ்சை அரிசிக்கு நிறமேற்றும் மொனாஸ்கஸ் இனத்திலிருந்தே மொனாகோலின் கே என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்திருந்த லோவாஸ்டாட்டினும் அதுவும் ஒரே மூலக்கூறு! 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின் அதுவே. 4,444 நோயாளிகளைக் கொண்டு ஸ்காண்டிநேவியாவில் நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது. அடுத்து வந்த சிம்வாஸ்டாட்டின், இதயநோயாளிகளின் இறப்பை 30 விழுக்காடு குறைத்திருந்தது.

ஆகவே மாத்திரைக்கு அஞ்சிச் செம்பூஞ்சை அரிசியை நாடுபவர் உண்பதும் ஸ்டாட்டின்தான். தசைவலி முதலிய தொல்லைகள் அதிலும் வரலாம். ஒரே வேறுபாடு, எவ்வளவு உண்கிறார் என்பதை அவர் அறியமாட்டார். அந்த அரிசியிலிருந்து செய்த 'கொலஸ்டின்' உணவன்று, அனுமதி பெறாத மருந்து என்று அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 1998-இல் முடிவு செய்தது. வழக்கு இழுபட்டு 2001-இல் ஆணையத்தின் பக்கமே தீர்ந்தது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, கடைகளில் விற்ற 12 தயாரிப்புகளைப் பரிசோதித்தது. ஒரு குளிகையில் இருந்த மொனாகோலின் கே 0.1 மில்லிகிராம் முதல் 10 மில்லிகிராம் வரை வேறுபட்டது. நூறு மடங்கு! நான்கு தயாரிப்புகளில், எண்டோ ஒதுக்கித் தள்ளிய அதே சிட்ரினின் இருந்தது.

2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி நிறுவனம் தன் பெனி-கோஜி மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. உட்கொண்டவர்களில் பலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. இம்முறை சிட்ரினின் அன்று. தொழிற்சாலையில் புகுந்த நீலப்பூஞ்சை உண்டாக்கிய பியூபெருலிக் அமிலமே ஐயத்துக்குள்ளாயிற்று. அந்தப் பூஞ்சையும் காம்பாக்டினைத் தந்த பெனிசிலியம் பேரினத்தைச் சேர்ந்ததுதான். விசாரணை நடந்துகொண்டிருக்கையில், ஜூன் 5 அன்று, எண்டோ தம் 90-ஆம் வயதில் காலமானார்.